வீட்டுச் சர்வரில் எதைக் குடியேற்றுவது?

கிரயப் பத்திரம், பட்டா, ஜாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வைத்தியப் பரிசோதனை முடிவு, பென்ஷன் உத்தரவு என்று ஒரு குடும்பத்தின் சரித்திரமாகவே விளங்கும் காகிதங்களெல்லாம், கைபேசியில் படம் எடுக்கப்பட்டு, வாட்ஸ்அப்பில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சென்று, கடைசியில் எங்கோ தூர தேசத்திலுள்ள ஒரு கம்பெனியின் கணினிகளில், அந்தக் கம்பெனியின் தயவு உள்ளவரையில், தங்கியிருக்கும் காலம் இது. அந்தத் தயவுக்கும் எல்லை உண்டு. செய்தித்தளங்களை ஒரே இடத்தில் திரட்டி வாசிப்பதற்கு லட்சக்கணக்கானோர் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடப்பட்டது. சற்றே சுருக்கிய படங்களை வரம்பின்றி இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்று 2015-இல் ஆரம்பித்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏறும் படங்களை 15 ஜி.பி. என்ற இலவச எல்லைக்குள் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கியது. தன் சேவையை நிறுத்தவும் விலை வைக்கவும் ஒரு வியாபார ஸ்தாபனத்துக்குப் பூரண உரிமை உண்டு. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பிறருடைய உரிமைக்குக் கட்டுப்பட்டதாக நம் வீட்டின் ஆவணங்கள் இருக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்கு விடையாகத்தான், சொந்தமாக ஒரு சிறு சர்வரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அதில் திறமூல மென்பொருள்களை நிறுவி நடத்தும் வழக்கம் உலகமெங்கும் பரவி வருகிறது.

வீட்டுச் சர்வர் என்பது இரவும் பகலும் ஓய்வின்றி ஓடி, வீட்டாருடைய கைபேசிகளும் கணினிகளும் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் ஒரு சாதாரணக் கணினியேயாகும். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை ஆனாலும், பிள்ளைகள் கைவிட்ட பழைய லேப்டாப் ஆனாலும், புத்தகம் அளவுள்ள மினி பி.சி. ஆனாலும் போதும். மின்சாரக் கணக்கை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நலம். நாளெல்லாம் சராசரியாக 10 வாட் இழுக்கும் ஒரு சிறு கணினி, மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 14 யூனிட் செலவழிக்கும். 60 வாட் இழுக்கும் பழைய மேஜைக் கணினியோ 86 யூனிட் செலவழித்து, தமிழ்நாட்டு வீடுகளுக்கு அந்த இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியைத் தானே எடுத்துக்கொண்டுவிடும். தேர்ந்த கணினியின்மேல் டெபியன் போன்ற, 1993 முதல் உலகெங்குமுள்ள தொண்டர்களால் பரிபாலிக்கப்பட்டு வரும் ஒரு லினக்ஸை நிறுவிவிட்டால் பூர்வாங்க வேலை முடிந்தது.

கஷ்டமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆவணங்களுக்கு ஒன்று, புகைப்படங்களுக்கு ஒன்று, சினிமாவுக்கும் பாட்டுக்கும் ஒன்று, கோப்புகளைக் கைபேசிக்கும் கணினிக்கும் ஒத்துவரச் செய்ய ஒன்று என்று ஒவ்வொரு காரியத்துக்கும் பத்துப் பன்னிரண்டு மென்பொருள்கள் வந்து நிற்கின்றன. அவற்றில் எதைத் தேர்வது? முகப்பின் அழகையும் வசதிகளின் எண்ணிக்கையையும் பார்த்துத் தேர்ந்துவிடுவதே சர்வ சாதாரணமாக நடப்பது. மனை வாங்குகிறவர் மண்ணின் நிறத்தையும் தெருவின் அகலத்தையும் பார்ப்பதோடு நின்றுவிடாமல், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்து, மூலப் பத்திரம் யார் பெயரில் இருந்து யார் பெயருக்கு வந்தது என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுப்பதைப் போல, மென்பொருளையும் அதன் வசதிகளுக்கு முன்னே அதன் உரிமத்தையும், அதைப் பேணுகிறவர்களையும், என்றாவது ஒருநாள் அதை விட்டு வெளியேற நேர்ந்தால் நம்முடைய பொருள்களோடு வெளியேற முடியுமா என்பதையும் விசாரித்தே ஏற்க வேண்டும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

உரிமத்திலிருந்து ஆரம்பிப்போம். அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் க்னூ என்ற திட்டத்தைப் பிரகடனம் செய்தபோது, கணினியை உபயோகிப்பவனுக்கு அதன் மென்பொருளை எக்காரியத்துக்கும் இயக்கவும், அது இயங்கும் விதத்தைப் படித்தறியவும், பிறருக்குப் பிரதி கொடுக்கவும், திருத்தித் திருத்தியதை வெளியிடவும் சுதந்திரம் இருக்க வேண்டும் என்பதே அவர் கொண்டிருந்த லட்சியம். அந்த லட்சியத்தைச் சட்ட வடிவில் நிலைநிறுத்தியது 1989-இல் வெளிவந்த ஜி.பி.எல். என்ற உரிமம். திருத்தியதைப் பிறருக்கு வழங்குகிறவன் அந்தத் திருத்தத்தின் மூலநிரலையும் சேர்த்தே வழங்க வேண்டும் என்பது அதன் உயிர்நிலையான விதி. மென்பொருளைக் கையில் கொடுக்காமல் வலைவழியே சேவையாக நடத்துகிறவர்கள் அந்த விதிக்குத் தப்பிவிடுகிறார்கள் என்ற குறையை, 2007-இல் வந்த ஏ.ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு நீக்கிற்று.

நிரல் எழுதத் தெரியாத ஒரு குடும்பஸ்தருக்கு இந்தச் சுதந்திரங்களால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். அவர் தாமே நிரலைத் திருத்தப் போவதில்லை. ஆனால் ஆக்கியோன் கைவிட்ட பொருளை வேறொருவன் எடுத்து நடத்தச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பதில் அவருடைய பத்திரங்களின் க்ஷேமம் அடங்கியிருக்கிறது. இதற்கு உதாரணமாக வீட்டு ஆவணங்களைப் பேணும் பேப்பர்லெஸ் என்ற மென்பொருளின் வரலாற்றை விரிவாகச் சொல்லலாம்.

ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு முன், தம் வீட்டுக் காகிதக் குவியலை ஒழுங்குபடுத்துவதற்காக ஒரு தனி மனிதர் எழுதி ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டதே பேப்பர்லெஸ். அவருக்கு அதில் செலவிட நேரம் குறைந்து வேலை தேங்கிய காலத்தில், 2020-இல் வேறொருவர் அதே நிரலை எடுத்துப் பெருமளவுக்குப் புதுப்பித்து பேப்பர்லெஸ் என்.ஜி. என்று வெளியிட்டார். அவருடைய கையும் ஓய்ந்தது. 2022-இல் உபயோகித்து வந்தவர்களிலேயே சிலர் ஒன்றுகூடி, இனி ஒருவர் தோளில் இந்தப் பாரம் இருக்கக் கூடாது என்று ஒரு குழுவாக அமைந்து, பேப்பர்லெஸ் என்.ஜி.எக்ஸ். என்ற பெயரில் அதை ஏற்றுக்கொண்டனர். மூன்று கைகள் மாறியும், முதலாமவரிடம் ஆவணங்களை ஒப்படைத்தவர்கள் மூன்றாமவரிடம் அவற்றை இழக்காமல் வந்து சேருவதற்கு வழி இருந்தது. கூகுள் ரீடரின் நிரல் அந்நிறுவனத்தின் பெட்டிக்குள்ளேயே இருந்தபடியால், அதை எடுத்து நடத்த எத்தனையோ பேருக்கு ஆவல் இருந்தும், ஒருவராலும் இயலவில்லை. இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் உரிமத்தின் வித்தியாசமே.

அந்த மென்பொருள் செய்யும் காரியமும் நம்மவருக்கு மிகவும் வேண்டியது. ஸ்கேன் செய்த தாளையோ கைபேசியில் எடுத்த படத்தையோ ஒரு குறிப்பிட்ட கோப்புறையில் போட்டால், அதிலுள்ள எழுத்துக்களை அடையாளம் கண்டு, தேடத்தக்க பி.டி.எப். ஒன்றை உண்டாக்கி, தேதி, அனுப்பியவர், வகை என்று பிரித்து அடுக்கி வைக்கிறது. எழுத்தை அடையாளம் காணும் அந்த வித்தையை அது டெசராக்ட் என்ற மற்றொரு திறமூல மென்பொருளிடமிருந்து பெறுகிறது. 1985 முதல் 1994 வரை ஹியூலெட் பேக்கார்டு கம்பெனி உருவாக்கி, 2005-இல் உலகுக்குத் திறந்துவிட்டு, அதன் பின்னர் கூகுளின் ஆதரவில் வளர்ந்த டெசராக்டுக்குத் தமிழும் தெரியும். ஆயினும் பேப்பர்லெஸ் என்.ஜி.எக்ஸை வழக்கமான முறையில் நிறுவினால், ஆங்கிலமும் சில ஐரோப்பிய மொழிகளுமே உடன் வருகின்றன. தமிழைத் தனியாகச் சேர்க்கச் சொல்லி, அமைப்புக் கோப்பில் தமிழும் ஆங்கிலமும் என்று இரண்டையும் குறிப்பிட்டுவிட வேண்டும். அச்சிட்ட தமிழைத்தான் அதனிடம் எதிர்பார்க்கலாம். பழைய பத்திர எழுத்தரின் கூட்டெழுத்தை அது வாசித்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. அத்தகைய பத்திரங்களுக்குச் சர்வே எண்ணையும் கிராமத்தின் பெயரையும் கையாலேயே தலைப்பில் எழுதி வைப்பதுதான் சரியான முறை.

இங்கே தமிழர்கள் பிரத்தியேகமாகச் செய்துகொள்ள வேண்டிய ஒரு பரீட்சை உண்டு. எந்த மென்பொருளாயினும், அதை ஏற்பதற்குமுன் நம் வீட்டிலுள்ள தமிழ்த் தாள் பத்தை அதில் ஏற்றி, தமிழ்ச் சொற்களைத் தட்டச்சு செய்து தேடிப் பார்த்துவிட வேண்டும். தமிழ் எழுத்தைத் திரையில் காட்டத் தெரிந்த மென்பொருளுக்கெல்லாம் தமிழில் தேடத் தெரியும் என்று கொள்வதற்கில்லை. கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் தடுமாறுவதும் உண்டு. ஆங்கில உலகத்தார் எழுதும் புகழுரைகளில் இந்த விஷயம் ஒருபோதும் வராதபடியால் நாமே சோதித்தறிவதைத் தவிர மார்க்கமில்லை. தேடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், 'நிலம்', 'வைத்தியம்', 'பள்ளி' என்பன போன்ற குறிச்சொற்களை ஒவ்வோர் ஆவணத்துக்கும் இட்டு வைப்பதில் சோம்பல் கூடாது.

வெளியேறும் வழியைப் பற்றியும் இதே உதாரணத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். பேப்பர்லெஸ் என்.ஜி.எக்ஸ். நாம் கொடுத்த அசல் கோப்பை அப்படியே ஒரு சாதாரணக் கோப்புறையில் வைத்துக்கொள்கிறது. ஆண்டு, அனுப்பியவர், தலைப்பு என்ற கிரமத்தில் உட்கோப்புறைகளை அமைக்கும்படி அதற்கு உத்தரவிடவும் முடியும். நாளைக்கே அந்த மென்பொருள் இயங்க மறுத்தாலும், 2019 என்ற கோப்புறையைத் திறந்து அந்த ஆண்டின் வீட்டு வரி ரசீதை எந்தக் கணினியிலும் பார்த்துவிடலாம். அனைத்தையும் குறிப்புகளோடு சேர்த்து ஏற்றுமதி செய்யும் கருவியும் உடன் இருக்கிறது. இப்படியின்றி, கோப்புகளைத் தன்னுடைய தரவுத்தளத்துக்குள் விழுங்கி, தன் மூலமாக அன்றி எவரும் அவற்றைக் காண முடியாதபடி வைத்துக்கொள்ளும் மென்பொருள் திறமூலமாகவே இருந்தாலும், நான் என் வீட்டுப் பத்திரங்களை அதனிடம் ஒப்படைக்க மாட்டேன்.

உரிமம் நல்லதாக இருப்பது மட்டும் போதுமா என்றால், அதன் காப்புரிமை யார் கையில் இருக்கிறது என்பதும் ஆராயத்தக்கது. வீட்டிலுள்ள திரைப்படங்களையும் பாடல்களையும் தொலைக்காட்சிக்கு அனுப்பிக் காட்டும் எம்பி என்ற மென்பொருள் சில ஆண்டுகள் திறந்த நிரலாக இருந்து, 2018-இன் இறுதியில் மூடிக்கொண்டது. அதற்கு முந்திய திறந்த பதிப்பைக் கைப்பற்றிக்கொண்டு, அந்த ஆண்டு டிசம்பரிலேயே சிலர் கிளை பிரித்து உண்டாக்கியதே இன்று பலரும் விரும்பும் ஜெல்லிஃபின். கோப்புப் பகிர்வுக்குப் பெயர்பெற்ற நெக்ஸ்ட்கிளவுடும் 2016-இல் ஓன்கிளவுடிலிருந்து, அதைத் தொடங்கியவரே தோழர்கள் சிலரோடு பிரிந்து வந்து ஏற்படுத்தியதுதான். பல மென்பொருள்களுக்குள் ஓர் உறுப்பாக நின்று வேலை செய்யும் ரெடிஸ் 2024 மார்ச்சில் தன் உரிமத்தை இறுக்கியபோது, லினக்ஸ் பவுண்டேஷனின் ஆதரவில் வால்கீ என்ற கிளை உடனே தோன்றிற்று. மறு ஆண்டில் ரெடிஸே ஏ.ஜி.பி.எல். உரிமத்தையும் ஏற்றுத் திரும்பி வந்தது. ஆதலால் ஒரு மென்பொருளின் முகப்பில் மூலநிரல் கிடைக்கும் என்று எழுதியிருப்பதைக் கண்டு திருப்தியடைந்துவிடாமல், அதற்கு நிரல் தருகிறவர்கள் எல்லோரும் உரிமத்தை மாற்றும் அதிகாரத்தை ஒரே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்களா, அன்றி அவரவர் காப்புரிமை அவரவரிடமே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நூறு பேரிடம் சிதறிக் கிடக்கும் உரிமையை ஒருவர் தனியே மாற்றிவிட முடியாது. அந்தச் சிதறலே நமக்குப் பாதுகாப்பு.

பேணுகிறவர்களைப் பற்றிச் சொல்லும்போது 2024 மார்ச் 29-ஆம் தேதி வெளிப்பட்ட எக்ஸ்.இஸட். விவகாரத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. லினக்ஸ் உலகெங்கும் கோப்புகளைச் சுருக்குவதற்குப் பயன்படும் அந்தச் சிறிய மென்பொருளை நெடுங்காலமாக ஒருவரே ஊதியமின்றிப் பேணி வந்தார். அவர் களைத்திருந்த சமயத்தில், உதவி செய்வதுபோல் வந்து சேர்ந்து சுமார் இரண்டு ஆண்டுகள் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்த ஓர் அநாமதேயர், அதற்குள் இரகசியமாக ஒரு கள்ளவாசலை அமைத்துவிட்டார். தூரத்துக் கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று சந்தேகித்து ஆராய்ந்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளரால் அது பரவுவதற்கு முன்பே பிடிபட்டது. நிரல் திறந்திருந்ததனால்தான் அவரால் அதைத் துருவிப் பார்க்க முடிந்தது என்பதும் உண்மை. ஒருவரே தனியாகச் சுமந்ததனால்தான் அது நேர்ந்தது என்பதும் உண்மை. எனவே ஒரு மென்பொருளைத் தேரும்போது, கடைசியாக எப்போது புதிய பதிப்பு வந்தது, கடந்த ஓராண்டில் எத்தனை பேர் அதில் கைவைத்திருக்கிறார்கள், பிழை சொன்னவர்களுக்கு எந்தத் தொனியில் பதில் கிடைக்கிறது என்பவற்றை நிரல் வைத்திருக்கும் இடத்துக்கே சென்று அரை மணி நேரம் பார்த்துவர வேண்டும். நமக்குப் பயன்படும் மென்பொருளைப் பேணுகிறவர்களுக்கு ஆண்டுக்கொரு முறையேனும் இயன்ற பொருளை அனுப்பி வைப்பதை, இலவசமாகக் கிடைத்ததற்குச் செய்யும் உபகாரமாகக் கருதாமல், நம் வீட்டின் காப்புக்குச் செய்யும் செலவாகவே நான் கருதுகிறேன்.

வயதையும் கவனிக்க வேண்டும். புகைப்படங்களுக்காக 2022-இல் தோன்றிய இம்மிச், கூகுள் போட்டோஸுக்கு நிகரான முகப்போடு வெகு வேகமாக வளர்ந்தது. ஆனால் தன்னை மட்டுமே நம்பிப் படங்களை வைக்க வேண்டாம் என்று அதை ஆக்கியவர்களே நெடுநாள் எச்சரித்து வந்தார்கள். சில பதிப்புகளில் அமைப்புக் கோப்பைக் கையால் மாற்றினாலன்றி அது ஓடவில்லை. 2025 அக்டோபரில் இரண்டாம் பதிப்பு வந்த பிறகே ஸ்திரமானது என்று அறிவித்துக்கொண்டது. இப்படி வெளிப்படையாகச் சொல்லும் குழுவை நான் மிகவும் மதிக்கிறேன். நெக்ஸ்ட்கிளவுடு மூத்தது, ஆயினும் அதிலும் பெரும்பதிப்புகளை ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும், இடையில் ஒன்றைத் தாண்டிக் குதிக்க முடியாது. இரண்டு ஆண்டுகள் திரும்பிப் பாராமல் விட்டுவைத்தவர் பிறகு படிப்படியாக ஏறியே தீர வேண்டும்.

எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆவேசம் வேண்டாம். மின்னஞ்சலை வீட்டில் நடத்துவது விவேகமன்று. வீட்டு இணைப்புகளில் அஞ்சல் வெளியே செல்ல வேண்டிய 25-ஆம் வாசலைப் பெரும்பாலும் அடைத்தே வைத்திருக்கிறார்கள், தப்பித் தவறிச் சென்றாலும் வீட்டு முகவரியிலிருந்து வந்தது என்பதாலேயே பெறுகிறவரின் குப்பைப் பெட்டியில் போய் விழும். கடவுச்சொற்களை வால்ட்வார்டன் போன்றவற்றில் வைப்பதைச் சர்வரை ஓராண்டாவது நடத்திப் பழகிய பின் யோசிக்கலாம்.

வீட்டுக்கு வெளியிலிருந்து சர்வரை அணுக விரும்புகிறவர்கள், ரவுட்டரில் வாசல் திறந்து உலகம் முழுவதற்கும் காட்டுவதை அறவே தவிர்க்க வேண்டும். பேப்பர்லெஸ் என்.ஜி.எக்ஸ். ஆவணங்களை மறையாக்கம் செய்யாமல் வெளிப்படையாகவே வைத்திருப்பதால், நம்பத்தகாத இடத்தில் அதை நிறுவக் கூடாது என்று அதன் கையேடே சொல்கிறது. 2020 மார்ச் முதல் லினக்ஸ் கருவிலேயே இடம்பெற்றிருக்கும் வயர்கார்டு என்ற அந்தரங்கப் பாதையை அமைத்துக்கொண்டால், அதன் சாவியுள்ள கைபேசிகள் மட்டுமே உள்ளே வரும். ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தரும் இணைப்பாக இருந்தால் இது நேரடியாக நடவாது, ஐ.பி.வி. 6 முகவரியைக் கேட்டுப் பெறுவதோ, இடையில் நிற்க ஒரு சேவையை நாடுவதோ அவசியமாகும். அந்தச் சிரமம் வேண்டாதவர்கள் வீட்டுக்குள் மட்டும் உபயோகித்தாலும் பெரும்பான்மைப் பயன் கிடைத்துவிடும்.

கடைசியாக, பிரதிகளைப் பற்றி. மூன்று பிரதிகள், இருவேறு சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற விதி புகைப்படக் கலைஞர்களிடையே தோன்றி எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. வட்டு இரண்டை இணைத்து ஒன்று போனால் மற்றொன்று நிற்கும்படி அமைப்பதைப் பிரதி என்று எண்ணுவோர் உண்டு. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டிலும் அழியும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. ரெஸ்டிக், போர்க் என்ற திறமூலக் கருவிகள் இரண்டும் மறையாக்கம் செய்து பிரதி எடுக்க வல்லவை. அப்படி எடுத்ததை வேறு ஊரிலுள்ள தம்பி வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்கில் வைக்கலாம். எடுத்த பிரதியிலிருந்து வேறொரு கணினியில் எல்லாவற்றையும் மீட்டுப் பார்த்த பிறகே, கம்பெனியின் கணினிகளிலுள்ள படங்களை நீக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சர்வரை நடத்துகிறவர் வீட்டில் பெரும்பாலும் ஒருவரே. அவர் நோயுற்றாலோ இல்லாமற்போனாலோ மனைவியும் பிள்ளைகளும் லினக்ஸ் கற்றுக்கொண்டு பத்திரத்தைத் தேட வேண்டிய நிலை வரக்கூடாது. ஆகையால் வீட்டிலேயே இருக்கும் பிரதியை மட்டும், மாதத்துக்கு ஒரு முறை, விண்டோஸ் கணினியும் வாசிக்கக்கூடிய எக்ஸ்ஃபாட் முறையில் அமைந்த ஒரு யு.எஸ்.பி. வட்டில் சாதாரண பி.டி.எப். கோப்புகளாகவே எழுதிப் பூட்டி வைத்து, இந்த வட்டைச் செருகினால் ஆண்டு வாரியாக எல்லாம் கிடைக்கும் என்றும், தம்பி வீட்டிலுள்ள பிரதியைத் திறக்கும் கடவுச்சொல் இன்னதென்றும் தமிழில் ஒரு தாளில் எழுதி, எந்தப் பூட்டுக்குள் இருக்கிறது என்பதை வீட்டார் இருவருக்காவது காட்டிவிட வேண்டும்.